செயின்ட் ஜைல்ஸில் நான்கு வீட்டுக்கு ஒரு ஜின் கடை

ஆங்கில நாவலின் தோற்றத்தைப் பற்றிப் பேசும் எவரும் ஹென்றி ஃபீல்டிங்கைக் கடந்து செல்ல இயலாது. அவருடைய 'டாம் ஜோன்ஸ்' 1749ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டில் அந்நூலின் ஆசிரியர் லண்டன் பௌ தெருவிலுள்ள ஒரு வீட்டில் மாஜிஸ்திரேட்டாக அமர்ந்து, திருடர்களையும், அடிதடிக்காரர்களையும், கணவனிடம் அடிபட்டு வந்த மனைவியரையும் நாள்தோறும் விசாரித்துக்கொண்டிருந்தார் என்பது இலக்கிய வாசகர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத செய்தி. 1748இல் வெஸ்ட்மின்ஸ்டருக்கும், அடுத்த ஆண்டு மிடில்செக்ஸ் மாவட்டத்துக்கும் அவர் அப்பதவியை ஏற்றார். காவல்துறை என்று ஒன்று இல்லாத காலம் அது. மாஜிஸ்திரேட்டின் வீடே வழக்குமன்றம்.

அவ்வீட்டில் கண்டவற்றிலிருந்து அவர் 1751 ஜனவரியில் ஒரு சிறு நூல் எழுதினார். லண்டனில் அண்மையில் கொள்ளையர் பெருகியதற்கான காரணங்கள் யாவை என்பதே நூலின் பொருள். சூதாட்டம், கேளிக்கை விருப்பம், ஏழையர் சட்டத்தின் குறைகள் என அவர் அடுக்கிய காரணங்களுள் ஜின் சாராயத்துக்கு ஒரு தனிப் பகுதி உண்டு. முன்னோர் அறியாத புதுவகைக் குடிவெறி இது என்றார். தலைநகரில் ஒரு இலட்சம் பேருக்கு மேல் இதையே முதன்மை உணவாகக் கொண்டு வாழ்வதாக அவர் நம்பினார். அச்சத்தையும் நாணத்தையும் கரைத்து எக்குற்றத்துக்கும் துணிவூட்டுவது இந்தப் பானமே என்பது அவருடைய தீர்ப்பு.

நாவலாசிரியரின் தீர்ப்பு சரிதானா? குடிக்கடைகள் நெருங்கிய தெருவில் குற்றம் பெருகும் என்று இன்றும் பேசுகிறோம். அப்பேச்சு முதன்முதலாக எண்ணிக்கைகளோடும் வீட்டுக் கணக்கோடும் எழுந்த இடங்களுள் லண்டன் முக்கியமானது. ஆகவே சற்றுப் பின்னோக்கிச் சென்று இக்கதையைத் தொடக்கத்திலிருந்து காண்போம்.

1688ஆம் ஆண்டுப் புரட்சியால் ஹாலந்திலிருந்து வந்த வில்லியம், இங்கிலாந்தின் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே பிரான்சோடு போர். பிரெஞ்சுப் பிராந்தியின் இறக்குமதி தடுக்கப்பட்டது. குடிமக்களுக்கோ குடி வேண்டும். நிலக்கிழார்களுக்கோ தானியம் விலைபோக வேண்டும். அரசுக்கோ போர்ச் செலவுக்கு வரி வேண்டும். இம்மூன்றையும் ஒருசேரத் தீர்க்கும் வழியாக 1690இல் உள்நாட்டுத் தானியத்திலிருந்து சாராயம் வடிப்பதை ஊக்குவிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதுவரை லண்டன் வட்டாரத்தில் வடிப்போர் சங்கத்துக்கு இருந்த ஏகபோக உரிமை தகர்ந்தது. முன்னறிவிப்பு ஒன்றை ஒட்டிவிட்டு, உரிய வரியைக் கட்டினால் எவரும் வடிக்கலாம் என்றாயிற்று.

விற்பனையில் இதைவிடப் பெரிய விந்தை ஒன்று நிகழ்ந்தது. பியர் விற்கும் மதுக்கடைக்கு 1552 முதலே மாஜிஸ்திரேட்டின் உரிமம் தேவை. ஒழுங்கற்ற கடையை அவர் மூடிவிட முடியும். ஜின் விற்பவருக்கோ 1729 வரை அத்தகைய கட்டுப்பாடு ஏதும் நிலைக்கவில்லை. போதாக்குறைக்கு, படைவீரரை வீட்டில் தங்கவைக்கும் சுமையிலிருந்தும் 1720ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சாராயம் வடிப்போருக்கு விலக்கு அளித்தது. பியர்க் கடைக்காரர் சிப்பாய்களுக்கு இடமும் உணவும் கொடுத்து நொந்துகொண்டிருக்க, அடுத்த வீட்டுக்காரர் நாலு படி சாராயத்தை வாங்கிவைத்து நிம்மதியாக விற்றார். இச்சலுகைகளை வழங்கியவர்கள் விளைவை அறியாதவர்கள் அல்லர். பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் நிலக்கிழார்கள். நூற்றாண்டின் முற்பகுதியில் விளைச்சல் நன்றாக இருந்து, தானிய விலை தாழ்ந்து கிடந்தது. தரங்குறைந்த தானியத்துக்கு வடிசாலையைவிட நல்ல வாடிக்கையாளர் யார்?

ஜின் எங்கு விற்றது என்பதைச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். குடிக்கடை என்றதும் பெயர்ப்பலகையும் மேசை நாற்காலிகளும் கொண்ட ஓரிடத்தை நாம் மனத்தில் காண்கிறோம். லண்டனின் ஜின் கடைகளுள் பெரும்பாலானவை அப்படி இருக்கவில்லை. மெழுகுவத்தி, நிலக்கரி, சோப்பு, ரொட்டி ஆகியவற்றைச் சில்லறையாக விற்கும் மூலைக்கடையில், அவற்றோடு ஜின்னும் விற்றது. நெசவாளரின் தறிக்கூடத்தில் விற்றது. நிலவறையில் விற்றது. தள்ளுவண்டியிலும், கூடையிலும், தேம்ஸ் ஆற்றின் படகிலும் விற்றது. சிறைக்குள் விற்றது, ஏழையர் விடுதிக்குள்ளும் விற்றது. அரைக்காசு உப்பு வாங்க வந்த பணிப்பெண், உப்போடு ஒரு மிடறும் குடித்துத் திரும்பலாம். பியர்க் கடைக்குள் தனியே நுழையக் கூசிய பெண்களுக்கு மூலைக்கடை கூச்சம் தரவில்லை. கால் பைன்ட் அளவுக்குக் 'குவார்ட்டர்ன்' என்று பெயர். ஏழையர் வட்டாரத்தில் அதன் விலை ஒரு பென்னி. கடனுக்கும் கொடுப்பார்கள், பொருளைப் பிடித்துக்கொண்டும் கொடுப்பார்கள்.

இவற்றை முதன்முதலில் எண்ணிப் பார்க்கத் துணிந்தவர்கள் மிடில்செக்ஸ் மாஜிஸ்திரேட்டுகள். 1726 ஜனவரியில் அவர்கள் அளித்த அறிக்கையின்படி, நகரின் மையப்பகுதியும் ஆற்றின் தென்கரையும் சேராமலேயே, 6,187 இடங்களில் வெளிப்படையாகச் சாராயம் விற்றது. சில பங்குகளில் பத்து வீட்டுக்கு ஒன்று, சிலவற்றில் ஏழுக்கு ஒன்று, மிகப்பெரிய பங்கு ஒன்றில் ஐந்து வீட்டுக்கு ஒன்று. (பங்கு என்பது ஒரு தேவாலயத்தைச் சார்ந்த குடியிருப்பு வட்டாரம், ஏழையரைப் பேணும் பொறுப்பும் அதனுடையதே.) இக்கணக்கை எடுத்தவர்கள் தெருக் காவல்காரர்கள். அவர்களுள் பலர் தாமே ஜின் விற்பவர்கள் என்பதால் உண்மை எண்ணிக்கை இன்னும் கூடுதல் என்று அறிக்கையே ஒப்புக்கொள்கிறது! பத்தாண்டுகள் கழித்து, 1736இல் மீண்டும் எண்ணியபோது அது 7,044 ஆகியிருந்தது.

இந்த இடைக்காலத்தில் நடந்த ஒரு கொலையைச் சொல்லாமல் ஜின் வரலாற்றை எவரும் எழுதுவதில்லை. நாமும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிறர் சொல்லும் விதமாக அல்ல. ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் பழைய வழக்குப் பதிவுகள் 2003 முதல் இணையத்தில் எவரும் படிக்கும்படி வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் 1734ஆம் ஆண்டுப் பதிவுகளுள் ஜூடித் டெஃபர் என்ற பெண்ணின் வழக்கு இருக்கிறது.

ஜூடித் பட்டு நூல் முறுக்கும் தொழிலாளி. மேரி என்ற அவளுடைய இரண்டு வயதுக் குழந்தை, பெத்னல் கிரீன் ஏழையர் விடுதியில் வளர்ந்துவந்தது. விடுதியில் குழந்தைக்குப் புத்தாடை அணிவித்திருந்தார்கள். ஜனவரி இறுதியில் ஒரு நாள் சில மணி நேரத்துக்கென்று குழந்தையை வெளியே அழைத்துச் சென்ற தாய், வயல்வெளியில் அதன் ஆடைகளைக் களைந்து, கைக்குட்டையால் கழுத்தை நெரித்து, பள்ளத்தில் விட்டுச் சென்றாள். ஆடைகள் ஒரு ஷில்லிங் நான்கு பென்னிக்கு விலைபோயின. கூட இருந்த சுகி என்ற பெண்ணோடு காசைப் பகிர்ந்துகொண்டு, இருவருமாக ஒரு குவார்ட்டர்ன் ஜின் வாங்கிக் குடித்தார்கள். அன்றிரவு ஜூடித் வழக்கம்போல் ஆலையில் வேலைக்குச் சென்றாள். அங்குதான் உடன் வேலைசெய்தவளிடம் உண்மையைச் சொன்னாள். மார்ச் மாதம் டைபர்னில் தூக்கிலிடப்பட்டாள்.

ஜின்னுக்கு எதிராகப் பரப்புரை செய்தோர் இவ்வழக்கைப் பல்லாண்டுகள் கையாண்டனர். ஜின்னுக்காகப் பெற்ற மகளைக் கொன்ற தாய் என்ற ஒற்றை வரி போதுமானதாயிற்று. ஆனால் பதிவை முழுதும் வாசிக்கையில் ஒற்றை வரிக்குள் அடங்காத பலவும் கண்ணில் படுகின்றன. மகள் ஒருபோதும் நல்ல நினைவோடு இருந்ததில்லை, எங்கேனும் அலைந்துகொண்டே இருப்பாள் என்று ஜூடித்தின் தாயே சாட்சி சொல்கிறாள். இரவு முழுதும் நின்று நூல் முறுக்கும் வேலை. குழந்தையை வைத்துக்கொள்ள வீடில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குழந்தையின் மேலாடையையும் காலுறையையும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ள ஆளிருந்த ஊர். ஜின் இல்லாவிட்டால் இக்கொலை நிகழ்ந்திருக்காது என்றோ, நிகழ்ந்தே இருக்கும் என்றோ எவராலும் உறுதிபடக் கூற முடியாது. அருகில் ஜின் இருந்ததால் அந்த ஆடைக்கு உடனடி மதிப்பு ஒன்று இருந்தது. அவ்வளவுதான் பதிவிலிருந்து நாம் சொல்லக்கூடியது.

அந்த 'அவ்வளவு' சிறிய விஷயமும் அன்று. மாஜிஸ்திரேட்டுகளின் அறிக்கைகளை ஊன்றிப் படித்தால் அவர்கள் கண்ட தொடர்பு, குடித்தவன் கத்தியைத் தூக்குகிறான் என்பது மட்டுமன்று என்பது விளங்கும். முதலாளியே பட்டறையில் ஜின் வைத்துக் கடனுக்கு ஊற்றுகிறான்; சனிக்கிழமை கூலியில் கழித்துக்கொள்கிறான்; தொழிலாளி வெறுங்கையோடு மனைவி மக்களிடம் திரும்புகிறான். தச்சன் தன் இழைப்புளியை அடகு வைக்கிறான்; மறுநாள் வேலைக்குக் கருவி இல்லை. விடுதி மெத்தையின் விரிப்பு காணாமற்போகிறது. ஒவ்வொன்றும் சில பென்னி மதிப்புள்ள சிறு திருட்டு. கடை வீட்டுக்கு அருகில் இருப்பதும், பணமின்றியும் அங்கு குடிக்க முடிவதுமே இச்சங்கிலியின் கண்ணிகள். இதைக் கண்டவர்கள் கூர்மையாகவே கண்டார்கள் என்பது நம் கருத்து. தீர்வு தேடியபோதுதான் தடுமாறினார்கள்.

முதற்சட்டம் 1729இல் வந்தது. விற்பனை உரிமத்துக்கு 20 பவுண்டு, வாசனைச் சரக்கு சேர்த்த சாராயத்துக்குக் காலனுக்கு 5 ஷில்லிங் வரி. வடிப்போர் சிரித்துக்கொண்டே வாசனைச் சரக்கை நிறுத்தினார்கள். ஜூனிப்பர் பழம் சேராத வெறும் சாராயம் 'பார்லிமென்ட் பிராந்தி' என்ற பெயரில் தடையின்றி விற்றது. 1733இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, தெருவில் விற்பது மட்டும் தடுக்கப்பட்டது. குடியிருக்கும் வீட்டில் விற்கலாம். உடனே குடியிருக்கும் வீடெல்லாம் கடையாயிற்று.

பிறகு 1736. சர் ஜோசப் ஜெக்கில் என்ற மூத்த நீதிபதி முன்னின்று கொண்டுவந்த சட்டம், பெயரளவில் வரிச் சட்டமாயினும் உண்மையில் மதுவிலக்கே. இரண்டு காலனுக்குக் குறைவாக விற்பவர் ஆண்டுக்கு 50 பவுண்டு கட்டி உரிமம் பெற வேண்டும். காலனுக்கு 20 ஷில்லிங் வரி. செப்டம்பர் 29 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது லண்டன் கடைகள் கறுப்புத்துணி கட்டித் துக்கம் கொண்டாடின. 'மேடம் ஜெனீவா' என்று ஜின்னுக்குச் செல்லப் பெயர். அந்த அம்மையாருக்குப் பொய்ச் சவ ஊர்வலங்கள் நடந்தன. ஜெக்கிலின் வீட்டைச் சிப்பாய்கள் காவல் காத்தார்கள். 50 பவுண்டு கட்டி உரிமம் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள்? உரிமமின்றி விற்றார்கள்.

இங்கே நமக்குத் தோன்றுவதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஜின்னால் லண்டனில் விளைந்த தெரு வன்முறையைப் பதிவுகளில் தேடினால், மிக அடர்த்தியாகக் கிடைக்கும் ஆண்டுகள் ஜின் தாராளமாக விற்ற ஆண்டுகள் அல்ல. அது தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகள். காரணம் துப்புக்காரர்கள். தெருவில் ஜின் விற்றால் 10 பவுண்டு அபராதம். கட்ட இயலாதவருக்கு இரண்டு மாதக் கடுஞ்சிறை. காட்டிக்கொடுத்தவருக்கு 5 பவுண்டு. ஏறத்தாழ ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் ஓராண்டுச் சம்பளம் அது! காவல்துறை அற்ற நகரில் சட்டத்தை நடத்த அரசு கண்ட வழி, அண்டை வீட்டாரை அண்டை வீட்டார்மீது ஏவுவது. சிக்கியவர்கள் பெரிய வடிசாலை முதலாளிகள் அல்லர். கூடையில் புட்டியும் கோப்பையும் வைத்துக்கொண்டு சந்தை மூலையில் நின்றோர், அவர்களுள் பலர் ஏழைப் பெண்கள். ஆயிரக்கணக்கானோர்மீது வழக்குகள் பாய்ந்தன. துப்புக்காரர் அடையாளம் தெரிந்தால் கூட்டம் அவரைச் சேற்றில் புரட்டியது, குட்டையில் அமிழ்த்தியது, சில வேளை உயிரையும் பறித்தது.

1738 ஜனவரியில் ஃபிரித் தெருவில் தாமஸ் டி வெய்ல் என்ற மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்குள் தஞ்சம் புகுந்திருந்த துப்புக்காரர்களைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லிப் பெருங்கூட்டம் வீட்டை முற்றுகையிட்டது. டி வெய்ல் கலகச் சட்டத்தை உரக்கப் படித்தார், பயனில்லை, படை வர வேண்டியதாயிற்று. தலைமை தாங்கியதாகப் பிடிபட்ட ரோஜர் ஆலன், அறிவு மயங்கியவன் என்று வாதிடப்பட்டு விடுதலை ஆனான். அவ்வாண்டே துப்புக்காரரைக் கூட்டமாகத் தாக்குவது பெருங்குற்றம் என்று இன்னொரு சட்டம் இயற்ற வேண்டி வந்தது. ஒரு சட்டத்தைக் காக்க மற்றொரு சட்டம்! வேடிக்கை என்னவெனில், இந்த டி வெய்ல்தான் பின்னர் பௌ தெரு வீட்டுக்குக் குடிபெயர்ந்து, அதை வழக்குமன்றமாக்கி, ஃபீல்டிங்குக்கு விட்டுச் சென்றவர்.

சட்டத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்தவர்களுள் டட்லி பிராட்ஸ்ட்ரீட் என்ற அயர்லாந்துக்காரரின் கதை சுவையானது. 1755இல் அவரே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். வீட்டில் குடியிருப்பவர் பெயர் தெரியாமல் வழக்குத் தொடர முடியாது, கதவை உடைத்து நுழையவும் முடியாது என்று சட்டத்தைப் படித்து அறிந்துகொண்ட அவர், வேறொருவர் பெயரில் புளூ ஆங்கர் சந்தில் ஒரு வீடு பிடித்தார். சன்னலில் ஒரு பூனைப் பொம்மை. பூனையின் வாயில் காசு போட்டு, வேண்டியதைச் சொன்னால், அதன் பாதத்தின் கீழுள்ள ஈயக் குழாய் வழியே ஜின் வடியும். உள்ளே அமர்ந்து ஊற்றுபவர் முகம் எவருக்கும் தெரியாது. 13 பவுண்டு முதலீட்டில் தொடங்கிய தொழில் நன்கு நடந்ததாக அவர் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். தானியங்கி விற்பனைப் பொறியின் மூதாதை என்று இப்பூனையைச் சொல்வாருண்டு.

எது எப்படியோ, 1743இல் அரசு தோல்வியை ஏற்றது. ஆஸ்திரிய வாரிசுப் போருக்குப் பணம் வேண்டியிருந்ததும் ஒரு காரணம். உரிமக் கட்டணம் 50 பவுண்டிலிருந்து ஒரே பவுண்டாக இறங்கியது. மதுக்கடை நடத்துவோருக்கே உரிமம். வடிசாலையில் சிறிதளவு வரி கூட்டப்பட்டது. பிரபுக்கள் அவையில் ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பாராளுமன்ற விவாதங்களை அச்சிடக்கூடாதென்ற தடை இருந்த காலமாதலால், 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழ் அவற்றை 'லில்லிபுட் நாட்டு மன்ற விவாதங்கள்' என்ற பெயரில் வெளியிட்டுவந்தது. அந்த ஆண்டுகளில் அவற்றை எழுதிக்கொடுத்தவர் இளம் சாமுவேல் ஜான்சன். அவையில் நேரில் அமராமல், குறிப்புகளைக் கொண்டு தாமே உரைகளைப் படைத்ததாக அவர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆகவே ஜின்னைப் பற்றிப் பிரபுக்கள் பொழிந்ததாக நாம் படிக்கும் உரைகளுள் எவ்வளவு பிரபுக்களுடையது, எவ்வளவு ஜான்சனுடையது என்பது இலக்கிய ஆய்வாளர்க்கு ஒரு நல்ல புதிர்.

1684இல் சுமார் ஐந்து இலட்சம் காலனாக இருந்த வரி கட்டிய சாராயத்தின் அளவு, இந்த 1743இல் எண்பது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. உச்சம் இதுவே. இந்த ஆண்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி ஃபீல்டிங்கிடம் திரும்பலாம். அவர் நூல் எழுதிய 1751க்குள் நிலைமை சற்று மாறியிருந்தது. 1747இல் வடிப்போர் மன்றாடி, 5 பவுண்டு உரிமத்தில் தாமே சில்லறை விற்பனை செய்யும் உரிமையை மீண்டும் பெற்றிருந்தார்கள். 1748இல் எக்ஸ்-லா-ஷாப்பெல் உடன்படிக்கையால் போர் முடிந்தது. பல்லாயிரம் படைவீரரும் மாலுமிகளும் வேலையின்றிக் கரையிறங்கினார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று செயின்ட் ஜைல்ஸ்.

ஃபீல்டிங் தம் நூலில், ஹோல்பார்ன் தலைமைக் காவலர் சாண்டர்ஸ் வெல்ச் தந்த வர்ணனை ஒன்றைச் சேர்த்திருக்கிறார். செயின்ட் ஜைல்ஸ் பங்கில் இரவுக்கு இரண்டு பென்னி வாடகையில் படுக்கை கிடைக்கும் விடுதிகள் ஏராளம். ஒரே பெண்மணி அத்தகைய ஏழு வீடுகளை நடத்தினாள். நிலவறை முதல் மச்சுவரை படுக்கைகள். முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் ஒரே படுக்கையில். அதே வீட்டில் குவார்ட்டர்ன் ஒரு பென்னிக்கு ஜின். மூன்று பென்னிக்குப் போதையும் உறக்கமும். அந்த மூன்று பென்னியை எப்படி ஈட்டுவது என்பதே அங்கு ஒவ்வொரு நாளின் கேள்வி.

ஏறக்குறைய இதே வேளையில் வூஸ்டர் ஆயர் ஐசக் மேடாக்ஸ், ஜின்னுக்கு எதிரான தம் பேருரையோடு ஒரு கணக்கையும் வெளியிட்டார். ஹோல்பார்ன் வட்டாரத்தில் 7,066 வீடுகள். அவற்றுள் 1,350 ஜின் கடைகள். செயின்ட் ஜைல்ஸில் மட்டும் 2,000 வீடுகள். அவற்றுள் 506 ஜின் கடைகள். நான்கு வீட்டுக்கு ஒன்று! பிப்ரவரி மாதம் வில்லியம் ஹோகார்த் 'ஜின் லேன்' படத்தை வெளியிட்டபோது, அத்தெருவின் பின்னணியில் ப்ளூம்ஸ்பரி செயின்ட் ஜார்ஜ் தேவாலயக் கோபுரத்தைத் தெளிவாக வரைந்தது தற்செயல் அன்று. அது செயின்ட் ஜைல்ஸேதான் என்பது லண்டன்வாசிகளுக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கியிருக்கும். படிக்கட்டில் சாய்ந்திருக்கும் தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. அடகுக்கடையில் தச்சன் வாளையும் இல்லாள் சமையல் பாத்திரத்தையும் நீட்டுகிறார்கள். மாஜிஸ்திரேட்டுகள் அறிக்கையில் எழுதியதை ஹோகார்த் தகட்டில் கீறினார். துணைப்படமான 'பியர் தெரு'வில் அடகுக்கடை ஒன்றே பாழடைந்து நிற்கிறது.

ஹோகார்த்தின் இன்னொரு படமும் உண்டு. இதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த அதில், நடுநிசியில் பஞ்ச் பானக் கிண்ணத்தைச் சுற்றிக் கனவான்கள் தள்ளாடுகிறார்கள், வாந்தியெடுக்கிறார்கள், தரையில் விழுந்து கிடக்கிறார்கள். அந்தக் கிண்ணத்தில் கலப்பதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் கோவாவிலிருந்தும் படேவியாவிலிருந்தும் கொண்டுவந்த அரக்கும் லண்டனில் மதிப்புமிக்க சரக்கு. இவர்கள் வட்டாரத்தை எண்ணிப் பார்க்க எந்த மாஜிஸ்திரேட்டும் புறப்படவில்லை. ஃபீல்டிங்கும் தம் நூலில் செல்வர்களின் கேளிக்கையைத் தம் ஆய்வுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார். அவருடைய கவலை கீழோர் அவர்களைப் பார்த்துக் கெடுவதைப் பற்றியதே. 'டாம் ஜோன்ஸ்' எழுதிய கையா இது என்று வாசகர் வியக்கலாம், நாமும் வியந்தோம்.

1751 கோடையில் வந்த சட்டம், முன்னவற்றைப்போல் முழக்கமிடவில்லை. காலனுக்கு நான்கரைப் பென்னி கூடுதல் வரி. உரிமக் கட்டணம் 2 பவுண்டு. ஆனால் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகையுள்ள இடம் வைத்திருப்போருக்கே அது கிடைக்கும். வடிப்போரும் மளிகைக்காரரும் மூலைக்கடைக்காரரும் சில்லறையாக விற்கக்கூடாது. சிறையிலும் ஏழையர் விடுதியிலும் விற்பனை இல்லை. கடைசியாக, நம் பார்வையில் மிகக் கூர்மையான விதி: 20 ஷில்லிங்குக்குக் கீழ்ப்பட்ட சாராயக் கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது. எவனையும் குடிக்காதே என்று இச்சட்டம் சொல்லவில்லை. உப்பு வாங்கும் இடத்திலிருந்து ஜின்னைப் பிரித்தது. கடனுக்கு ஊற்றுவதை நட்டமாக்கியது. ஏழு மில்லியன் காலனாக இருந்த அளவு ஓராண்டில் நாலரை மில்லியனாக இறங்கியது. 1757இல் விளைச்சல் பொய்த்துத் தானியத்திலிருந்து வடிப்பதே தடைசெய்யப்பட்டபின் இரண்டு மில்லியனுக்கும் கீழே சென்றது. சட்டம் பாதி, பஞ்சம் பாதி.

குற்றம்? அதுதான் இவ்வரலாற்றில் இசையாத சுருதி. ஜின் உச்சத்திலிருந்த 1743 போர்க்காலம். கள்வனாகக்கூடிய இளைஞன் கப்பலிலோ பாசறையிலோ இருந்தான். திருட்டு வழக்குகள் அப்போது பெருகவில்லை. அவை பெருகியது போர் முடிந்த 1748க்குப் பின். அதற்கு முன்பு 1740ஐ ஒட்டிய கடுங்குளிரிலும் விலையேற்றத்திலும் ஒரு முறை. ஏழாண்டுப் போர் முடிந்த 1763க்குப் பின் இன்னொரு முறை வழக்குகள் குவிந்தன; அப்போது ஜின்னின் அளவோ பழைய உச்சத்தில் ஒரு சிறு பங்கு. அமெரிக்கப் போரின் முடிவிலும் அதே கதை. ஃபீல்டிங் அஞ்சிய வழிப்பறிக் கொள்ளையர், ஜின் வடியும் குழாயைப் பின்பற்றி வரவில்லை. படைக்கலைப்பு ஆணையைப் பின்பற்றி வந்தார்கள். மாறாக, கருவி அடகு, விரிப்புத் திருட்டு, பட்டினி கிடந்த பிள்ளை, அடிபட்ட மனைவி ஆகிய, கொள்ளை என்ற பெயரில் அச்சேறாதவையே நான்கு வீட்டுக்கு ஒரு கடை என்ற கணக்கோடு நெருங்கிய உறவுடையவை. ஃபீல்டிங்கின் வழக்குமன்றத்தில் இரண்டும் ஒரே வாசல் வழியாக வந்தன. அவர் இரண்டையும் ஒன்றென்று கொண்டார்.

செயலில் அவர் வேறு மாதிரி நடந்துகொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 1753இல் தொடர் கொலைக் கொள்ளைகளால் நகரம் நடுங்கியபோது, நியூகாசில் கோமகன் அவரிடம் திட்டம் கேட்டார். நோயுற்றிருந்த ஃபீல்டிங் 600 பவுண்டு கேட்டார். குடிக்கடைகளைப் பற்றி அத்திட்டத்தில் ஒன்றுமில்லை. கும்பலுக்குள்ளிருந்தே ஒருவனை விலைக்கு வாங்கி, துப்புப் பெற்று, தம் ஆட்களைக் கொண்டு பிடிப்பதே திட்டம். அக்கும்பல் சில நாள்களில் கலைந்தது. அடுத்த ஆண்டு உடல்நலம் தேடிக் கப்பலேறியவர் லிஸ்பனில் காலமானார். அந்தக் கடைசிப் பயணத்தைப் பற்றிய நூலில் இச்செய்தியை அவரே எழுதிவைத்திருக்கிறார். பௌ தெரு நாற்காலியில் அவருக்குப்பின் அமர்ந்தவர் பார்வையற்ற அவருடைய சகோதரர் ஜான் ஃபீல்டிங்.

செயின்ட் ஜைல்ஸின் மலிவு விடுதிகள் ஜின் சட்டங்களால் மறையவில்லை. பியர் தெருவே நலம் என்று ஹோகார்த் வரைந்த அதே பங்கில், 1814 அக்டோபரில் ஒரு பியர் ஆலையின் மாபெரும் தொட்டி உடைந்து, நிலவறைகளில் வாழ்ந்தோர் உட்பட எட்டுப் பேர் மாண்டனர். நூற்றாண்டின் நடுவில் அச்சேரியின் ஊடாக ஓர் அகன்ற சாலையை வெட்டினார்கள். 1847இல் திறக்கப்பட்ட அதற்கு நியூ ஆக்ஸ்போர்டு தெரு என்று பெயர். வீடிழந்தவர்கள் பக்கத்துச் சந்துகளில் இன்னும் நெருக்கமாகக் குடியேறினார்கள்.